ஏழு வரை எண்ணினேன்

ஜூன் 10, திங்கள்

வெள்ளையனேந்தலுக்கு வந்து சேர்ந்தாயிற்று. திருச்சியில் மடக்கிய முழங்கால், இங்கே இறங்கும்போது நீட்ட வரவில்லை. கண்டக்டர் கை கொடுத்து இறக்கிவிட்டார். ஐம்பத்தைந்து வயதில் இதெல்லாம் தேவையா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கும் அதே கேள்விதான்.

மாடி வீடு. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஐந்தரைக்கு. அதுவும் உப்பு. காப்பி போட்டுக் குடித்துவிட்டு, பாலைத் திட்டுவதா தண்ணீரைத் திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் திட்டினேன்.

எதற்கு வந்தேன் என்று எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோகும். இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் பேச்சு வராத, திக்குகிற, வாயே திறக்காத பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கென்று சென்னையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக மூன்று பேச்சுப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். மூன்றாவது ஆள் பொங்கல் லீவுக்குப் போனவர் இன்னும் பொங்கல் கொண்டாடிக்கொண்டிருக்கிறார். இனி வெளியூர் ஆள் வேண்டாம், உள்ளூர்ப் பெண்களுக்கே சொல்லிக்கொடுத்து அவர்களையே பள்ளிகளில் வைப்போம் என்று ஓர் அறக்கட்டளை முடிவு செய்திருக்கிறது. பத்துப் பேருக்கு ஐந்து மாதப் பயிற்சி, கடைசியில் நேர்காணல், ஆறு பேருக்கு வேலை. வெளியூர் ஆள் வேண்டாம் என்று கற்றுக்கொடுக்க வந்திருக்கும் வெளியூர் ஆள் நான்.

மகன் சரண் மெசேஜ் அனுப்பியிருந்தான்: ‘சேர்ந்தாச்சா?’ போன் பண்ணியிருக்கலாம். பெங்களூரில் வேலை, பிள்ளைக்கு நேரம் எங்கே.

ஜூன் 13, வியாழன்

ஆள் தேர்வு. காலையிலேயே கூட்டம். அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் ஜெயசீலன் ஓடி வந்து, “மேடம், நாப்பத்து மூணு பேரு வந்துருக்காக. இதுல…” என்று ஆரம்பித்தார்.

“பத்துப் பேரை எடுக்கணும், தெரியும்” என்றேன்.

பாவம், வாயை மூடிக்கொண்டார். என்னிடம் யாரும் முழுசாகச் சொல்ல வேண்டியதில்லை. பாதியிலேயே பிடித்துவிடுவேன். முப்பது வருஷப் பேச்சுப் பயிற்சித் தொழில் கொடுத்த காது.

மத்தியானம் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். தமிழ் பி.ஏ. பெயர் கேட்டேன். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தமே இல்லை. படிவத்தைப் பார்த்து, “பூமயில்தானே?” என்றேன். தலையாட்டினாள். படிவத்தின் மூலையில் பென்சிலால் ‘வேண்டாம்’ என்று எழுதினேன். நீச்சல் தெரியாதவர் நீச்சல் சொல்லிக்கொடுக்க வந்த கதை.

ஜூன் 20, வியாழன்

தேர்ந்தெடுத்த பத்தில் ஒருத்தி கழன்றுகொண்டாள். மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்றார்களாம். ஜெயசீலன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பூமயில் ஒரு வாரமாகத் தினமும் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறாளாம். யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லையாம்.

சரி, உட்கார்ந்து தொலையட்டும் என்றேன். இடம் காலியாக இருப்பதற்கு ஆள் இருக்கட்டும்.

ஜூலை 2, செவ்வாய்

இன்று முக்கியமான பாடம். பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அதற்குள் நாம் பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. கண்ணாலும் அவசரப்படுத்தக் கூடாது. கேட்பதற்குச் சுலபம். பத்துப் பெண்களில் எட்டுப் பேர் தாய்மார்கள். நாலு எண்ணுவதற்குள் பதிலைச் சொல்லிவிடுகிறார்கள்.

“பத்து எண்ணுறதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிரும், மேடம்” என்றாள் நாகஜோதி. ஒரே சிரிப்பு.

வழக்கம்போல் சரண் கதையைச் சொன்னேன். மூன்றாம் வகுப்பில் அவனுக்குத் திக்குவாய். தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் நானே பயிற்சி கொடுத்தேன். ஆறாம் வகுப்புக்குள் திக்குவதே நின்றுவிட்டது. என் முதல் வெற்றி என் வீட்டிலேயே இருக்கிறது என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். பூமயில் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை தூக்கினாள்.

“இப்ப அவுக… நல்லாப் பேசுவாகளா, மேடம்?”

“அவனுக்கு அதிகம் பேசுகிற சுபாவம் இல்லை” என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. குளிக்காமல் வகுப்பு எடுத்தேன்.

ஜூலை 18, வியாழன்

சென்னையிலிருந்து வந்த படக் கார்டுகளில் பனிக்கரடி, ஸ்ட்ராபெரி, எஸ்கலேட்டர். எஸ்கலேட்டர் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை ‘தண்டவாளம்’ என்றது. அதைத் தப்பு என்று குறித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. அந்தக் கார்டுகளைக் கட்டி மூலையில் போட்டுவிட்டு, புதிதாக நாங்களே செய்தோம். குண்டு மிளகாய், கரிமூட்டம், பனங்கிழங்கு, கருவாடு, ஆட்டுக்குட்டி, மினி பஸ். படம் வரைந்தது முழுக்கப் பூமயில். கை நன்றாக வருகிறது. லேமினேஷன் போடும் கடையில் மூன்று மணி நேரம் நின்றதில் முழங்கால் பழிவாங்கியது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சரண் பிறந்தநாள். அதிசயமாகப் போனை எடுத்தான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ‘ஹ’ என்று ஆரம்பித்தான். எனக்குப் புரிந்துவிட்டது. “ஹோட்டல்லயா, சரி, வயித்தைப் பாத்துக்கோ” என்றேன். ‘ம்’ என்றான். இரண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போனில் பேசவே பிடிப்பதில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

பயிற்சிப் பெண்களை ஆளுக்கொரு பள்ளிக்கு அனுப்பியாயிற்று. பூமயிலுக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு மோனிஷா. காதில் குறையில்லை, நாக்கில் குறையில்லை. வீட்டில் வாயாடுகிறதாம். பள்ளிக்கூட வாசல் தாண்டினால் ஒரு சொல் இல்லை, ஒன்றேகால் வருஷமாக. டீச்சர் அடித்துப் பார்த்தாராம், மிட்டாய் கொடுத்துப் பார்த்தாராம்.

போய்ப் பார்த்தேன். பூமயில் அந்தப் பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கார்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது நிமிஷமும் அப்படியே.

வெளியே கூப்பிட்டு, “என்ன பயிற்சி இது? ஒரு கேள்வியாவது கேட்டாயா?” என்றேன்.

“இல்ல, மேடம்.”

“ஏன்?”

வாய் பூட்டிக்கொண்டது. “பயமா? சரி, நாளைக்கு மூணு கேள்வியாவது கேளு” என்று சொல்லிவிட்டு வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

மூன்று வாரம் ஆகியும் அவள் ஒரு கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. ஆறு பேர் பட்டியலிலிருந்து மனசுக்குள் அவளை எடுத்துவிட்டுத்தான் இன்று போனேன். ஜன்னலுக்கு வெளியே, தெரியாதபடி நின்றேன்.

ஆட்டுக்குட்டிப் படத்தை எடுத்து, தனக்குத்தானே பேசுவது போல, “இது கெடாக்குட்டி” என்றாள் பூமயில். அந்தப் பக்கம் கார்டை வைத்துவிட்டு அடுத்ததைத் தேடினாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தேன். பத்து தாண்டியது. இருபது தாண்டியது. இருபத்திரண்டில் ஒரு சத்தம்.

“கெடா இல்ல. பொட்டக் குட்டி.”

“அப்படியா?” என்று கார்டை எடுத்து இடம் மாற்றி வைத்தாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. எனக்குத்தான் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் பேசிப் பார்த்திருக்கிறேன். ஒன்றாவது இப்படி அதட்டிக்கொண்டு ஆரம்பித்ததில்லை. வீட்டுக்கு வந்து பூமயிலின் படிவத்தைத் தேடி எடுத்து அந்த ‘வேண்டாம்’ என்ற பென்சில் எழுத்தை அழித்தேன். தடம் போகவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

நேர்காணலுக்கு ஒரு மாதம்தான். கேள்வி கேட்கப்போவது வெளியிலிருந்து வரும் அதிகாரி. ஜெயசீலனும் நானும் உடன் இருப்போம். மற்றப் பெண்களைப் பற்றிக் கவலையில்லை. பூமயிலைப் பற்றித்தான். மாலை இருக்கச் சொன்னேன். மூச்சை இழுத்து, சொல்லை மெதுவாகத் தொடங்கி, இழுத்துப் பேசினால் திக்குவது தெரியாமல் மறைக்கலாம், தினமும் ஒரு மணி நேரம் நானே பழக்குகிறேன் என்றேன்.

“வேண்டாம், மேடம்.”

“ஏன்?”

இந்த முறை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவள் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“அங்கன்வாடி வேலைக்குப் போனேன். துணிக்கடைக்குப் போனேன். எல்லா எடத்துலயும் எனக்கு வார்த்தை எடுத்துக் குடுத்தாக, மேடம். ஒருத்தரும் வேலை குடுக்கல. இங்கதான் மோனிஷா என்னைய முழுசாப் பேச விடுது. நிக்கிற எடத்துல நிக்கட்டும். நானே சொல்லி முடிப்பேன். நீங்க நடுவுல வராம இருந்தாப் போதும்.”

“வரமாட்டேன்” என்றேன். கையைப் பிடித்துச் சத்தியமே செய்துகொடுத்தேன். அவள் வீட்டுக்காரருக்கு விசைப்படகில் வேலை, பாதி நாள் கடலில். இரண்டு பிள்ளைகள். மாமியார் நேரடியாகச் சொல்லியிருக்கிறாராம்: இந்த வேலையும் கிடைக்கவில்லை என்றால் ஜனவரியிலிருந்து விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டத்துக்குக் கட்டை அடுக்கப் போக வேண்டும்.

நவம்பர் 13, புதன்

நேர்காணல். விடியற்காலையிலிருந்து மழை. அதிகாரி ஒன்றரை மணி நேரம் தாமதம். வந்ததிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகஜோதி கடகடவென்று ஒப்பித்தாள். மற்றவர்களும் பரவாயில்லை.

ஒன்பதாவதாகப் பூமயில். எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். அதிகாரி கேட்டார்: “பேசவே மாட்டேங்கிற பிள்ளைய எப்படிம்மா பேச வைப்பீங்க?”

“மொதல்ல…” என்றாள். நின்றது.

தகரக் கூரையில் மழைச் சத்தம். அதிகாரி பேனா மூடியைத் திறந்தார், மூடினார். ஜெயசீலன் இருமினார். எண்ணினேன். ஒன்று, இரண்டு. அவள் கண் சுவரில் நின்றது. ஐந்து. அதிகாரி அடுத்த படிவத்தைக் கையில் எடுத்தார். ஆறு. படிவத்தைப் புரட்டினார். ஏழு.

“மொதல்ல பொறுமையா காத்திருக்கணும்னு சொல்ல வர்றாங்க, சார்” என்றேன்.

என் குரல்தான். என் வாய்தான். அதிகாரி சிரித்தார். “நீங்களே சொல்லிட்டீங்களே, மேடம். பரீட்சை உங்களுக்கா, அவங்களுக்கா?” ஏதோ குறித்துக்கொண்டு, போகலாம் என்று தலையை ஆட்டினார். பூமயில் எழுந்து வணக்கம் வைத்தாள். போகும்போது என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 14, வியாழன்

முழங்கால் வலி. வெளியே போகவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

பூமயில் வந்தாள். கார்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க. குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. காப்பி வேண்டாம் என்றாள். நான் ஏதேதோ சொன்னேன். அதிகாரி அவசரத்தில் இருந்தார், பதில் விட்டுப்போகக் கூடாதே என்றுதான், எப்படியும் நீ சொல்ல வந்ததைத்தானே சொன்னேன்.

“நான் சொல்ல வந்தது அதில்ல, மேடம்.”

“காத்திருக்கணும்னுதானே…”

“இல்ல.”

பிறகு நின்றது. அடுத்த வீட்டுக் கொட்டகையில் ஆடு ஒன்று கத்தி ஓய்ந்தது. அவளே மெல்ல அந்தத் திக்கலிலிருந்து வெளியே வந்தாள்.

“மொதல்ல, பேச வைக்கணும்கிற நெனப்ப விடணும்னு சொல்ல வந்தேன். வாயப் பாத்துக்கிட்டுக் காத்துக் கெடக்குறதும் வற்புறுத்துறதுதான், மேடம். நம்ம எண்ணிக்கிட்டு இருக்கோம்னு பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியும்ல.”

பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். முப்பது வருஷம் எண்ணச் சொல்லிக்கொடுத்தவள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 16, சனி

அன்று சரண் சொல்ல வந்தது ஹோட்டலாகத்தான் இருந்திருக்கும். வேறென்ன இருக்கும்.

நவம்பர் 18, திங்கள்

மதிப்பெண் வந்தது. நேர்காணலில் பூமயிலுக்கு இருபதுக்கு மூன்று. பக்கத்தில் குறிப்பு: ‘பிறர் துணையின்றிப் பதில் கூற இயலவில்லை.’ பிறர் என்பது நான். பட்டியலில் ஏழாவது. வேலை ஆறு பேருக்கு.

மத்தியானம் ஒரு கடிதம் எழுதினேன். தேர்வாளர்களில் ஒருவரான நான் விதியை மீறிக் குறுக்கிட்டேன், அவரைப் பதில் சொல்ல விடவில்லை, பிழை என்னுடையது, நான் இல்லாமல் அவருக்கு மறு நேர்காணல் தர வேண்டும். கையெழுத்துப் போட்டு ஜெயசீலனிடம் கொடுத்தேன். பக்கத்து வட்டாரத்தில் தை மாதம் தொடங்கும் அடுத்த பயிற்சியையும் எனக்கே தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கடிதம் போனால் அது போகும். போகட்டும். உப்புக் காப்பி குடித்தது போதும்.

ஜெயசீலன் இரண்டு முறை படித்தார்.

“மேடம், இத அனுப்புனா உங்களுக்கு…” என்று நிறுத்தினார்.

வேண்டாம் என்று சொல்லப்போகிறார், தெரிந்துவிட்டது. பதில் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், சட்டையில் துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

“…அடுத்த பேட்ச் கெடைக்காது. இருந்தாலும் அனுப்பணும், மேடம். தபால்ல வேண்டாம், நானே கொண்டுபோறேன்” என்றார்.

ஐந்து மாதத்தில் அந்த மனிதர் என்னிடம் முழுசாகச் சொல்லி முடித்த முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 4, புதன்

மறு நேர்காணல். அதே அதிகாரி. எனக்கு அறைக்குள் அனுமதி இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அறைக்குள் அதிகாரி அதே கேள்வியைக் கேட்பது காதில் விழுந்தது. “மொதல்ல” என்று அவள் குரல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எண்ணக் கூடாது என்று தெரிந்தும் எண்ணினேன். பத்து. பதினைந்து. ஜெயசீலன் கதவுக்கு வெளியே தலை நீட்டி என்னைப் பார்த்தார். வந்து சொல்லுங்களேன் என்கிற பார்வையா, பேசாமல் இருங்கள் என்கிற பார்வையா, தெரியவில்லை. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இருபத்தெட்டு. நாற்காலி நகரும் சத்தம். அதிகாரி எழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். முப்பத்தொன்று.

“…பேச வைக்கணும்கிற நெனப்ப விடணும், சார்.”

அதற்குப் பிறகு அவள் வெகுநேரம் பேசினாள். நடுவில் நாலைந்து தடவை நின்றாள். அத்தனை தடவையும் அறைக்குள் யாரும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டிலை நீட்டினாள், குடித்தேன். அதிலும் உப்பு.

டிசம்பர் 9, திங்கள்

புதுப் பட்டியல். பூமயில் நான்காவது. அவளுக்கு வேலை. ஏழாவதாகப் போன பெண் அழுதுகொண்டு போனாள். அவளிடமும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பூமயிலுக்குப் போட்டிருக்கும் பள்ளி கடற்கரைப் பக்கம். மோனிஷாவின் பள்ளிக்கு நாகஜோதி. அதைச் சொன்னதும் பூமயில் முகம் சுருங்கியது. மாலையில் நாகஜோதியை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், கார்டுப் பெட்டியைப் பிரித்து வைத்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று. நாகஜோதி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். பால் பொங்கும் அவசரம் எதுவும் அவளிடம் இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

திருச்சி. வீடு முழுக்கத் தூசி. காவிரித் தண்ணீரில் காப்பி போட்டு, இரண்டாவது தரமும் போட்டுக் குடித்தேன். துணிகளை ஊறவைத்தேன். ஆறு மாத உப்பு ஒரு துவைப்பில் போகாது.

பதினோரு மணிக்குச் சரணுக்குப் போன் செய்தேன். எடுக்கமாட்டான் என்று நினைத்தேன். எடுத்தான்.

“சரண், பொறந்தநாளன்னிக்கு என்ன சாப்பிட்டேன்னு கேட்டேன். நீ சொல்லி முடிக்கல. நான்தான் முடிச்சேன்” என்றேன்.

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“எப்பவும் நான்தான் முடிச்சேன்” என்றேன். அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் பேசுவதை விட்டுவிட்டான், அவ்வளவுதான்.

‘ஹ’ என்றான். நின்றது.

எனக்கு நாலைந்து வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன. ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு துணி அலசப் போனேன். அவன் வைக்கவில்லை. குழாய்ச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் பக்கத்து மின்விசிறிச் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு புடவையை அலசிப் பிழிந்து கொடியில் போட்டேன். அடுத்ததை எடுத்தேன்.

எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று இங்கே எழுத முடியவில்லை. நான் எண்ணவில்லை.